கமராபாத்

கமர் ஜஹான் குளியலறையில் வழுக்கி விழுந்து கணுக்காலை முறித்துக்கொண்டது கோடையின் தொடக்கத்தில். உள்ளே பிளேட் வைத்துத் தைத்தார்கள். காலைத் தரையில் ஊன்றவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கட்டிலைக் கூடத்து ஜன்னலோரமாக இழுத்துப் போட்டார்கள். ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுச் சுவர், அதில் சொட்டிக்கொண்டிருக்கும் ஒரு ஏசி பெட்டி. ஐம்பதை நெருங்கும் ஒரு பெண் நாள் முழுக்க அதையே எவ்வளவு நேரம்தான் பார்ப்பாள்?

பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் சப்ரின் லீவு போட்டுவிட்டு வந்து கூட இருந்தாள். திரும்பிப் போவதற்கு முன் தன் பழைய டேப்லெட்டில் ஒரு கேமை ஏற்றி அம்மாவின் மடியில் வைத்தாள்.

"நானு கேம் ஆடறதா? போடி."

"அம்மி, இதுல சண்டை கிடையாது, சாவறது கிடையாது, தோக்கறதும் கிடையாது. ஒரு ஊரு. செடி வைக்கணும், மீன் புடிக்கணும், ஊர்க்காரங்களோட பேசிக்கினு இருக்கணும். அவ்ளோதான்."

"ஊர்ல பேசறதுக்கு ஆளா இல்ல?"

"எழுந்து நடந்தா தானே பேசுவ?"

ஊருக்குப் பெயர் வைக்கச் சொன்னது கேம். சப்ரின் யோசிக்காமல் 'கமராபாத்' என்று தட்டினாள். கமர் ஜஹானுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறந்தது வாணியம்பாடி, வாழ வந்தது கள்ளக்குறிச்சி. தன் பேரில் ஒரு ஊர் என்பது விளையாட்டுக்குக்கூட அவள் நினைத்துப் பார்க்காத ஒன்று.

எழுத்தெல்லாம் இங்கிலீஷ். முதலில் எழுத்துக்கூட்டிப் படித்தாள். போகப்போக அது வேண்டியிருக்கவில்லை, ஏனென்றால் அந்த ஊரில் எதையுமே அவளுக்கு யாரும் அறிமுகப்படுத்த வேண்டியிருக்கவில்லை. குன்றின் மேல் ஒரு கோட்டை, அதன் உச்சி அறையில் கீழே இறங்காத இளவரசி. காட்டுக்குள் ஒரு கிழவியின் குடிசை, அதன் வாசலைத் தானாகக் கூட்டும் துடைப்பம். ஏரி நடுவில் ஒரு கோபுரம், அதில் ஒரு ஜின். எல்லாம் கரண்ட் போன நேரங்களில் அவளுடைய அப்பா சொன்ன கதைகளில் வந்த இடங்கள். என்ன, அந்தக் கதைகளில் ஜின்னைக் கண்டால் தலைதெறிக்க ஓட வேண்டும். கமராபாத்தில் ஜின் அவளைக் கூப்பிட்டு, வெங்காயம் இருந்தால் இரண்டு கொடுக்க முடியுமா என்று கேட்டது. ஊரையே விழுங்கக்கூடிய பாம்பு போன்ற ஒரு பிராணி குகை வாசலில் அடுப்பை மூட்டி ரொட்டி சுட்டது. பயமுறுத்தியவை எல்லாம் வயதாகி, நல்ல புத்தி வந்து, அக்கம்பக்கத்தாராகிவிட்ட மாதிரி இருந்தது.

கேமில் அவளாக நடமாடும் பொம்மை ஊதா முக்காடு போட்டிருந்தது. ஏரிக்கரையில் அவள் ஒரு பூப்பாத்தி போட்டாள். சிவப்பு, மஞ்சள், நடுவில் வெள்ளை. காலை டிபன் முடிந்ததும் அதற்குத் தண்ணீர் ஊற்றவில்லை என்றால் அவளுக்கு மனசு ஆறாது.

ஊருக்கு வடக்கே பனி மூடிய ஒரு மலை இருந்தது. கோஹ்காஃப் என்று பார்த்தவுடனே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அப்பாவின் கதைகளில் பரிகள் என்கிற சிறகு முளைத்த தேவதைகள் வாழும் மலை அது. எந்த இளவரசன் எங்கே கிளம்பினாலும் கடைசியில் அங்கேதான் போய்ச் சேருவான். கேமில் அந்த மலைக்கு ஒரு கதவு, கதவுக்கு இருபுறமும் இரண்டு சங்கிலி. வெளியூரிலிருந்து ஒரு விருந்தாளி வந்து, இருவரும் ஒரே நேரத்தில் இழுத்தால்தான் திறக்கும்.

சப்ரினைக் கேட்டாள். "ஞாயித்துக்கெழமை வரேன் அம்மி" என்றாள் சப்ரின். ஞாயிறுகள் வந்தன, போயின. அவளுக்கு வேலை. கடைசியில் கமர் ஜஹான் புருஷனைக் கேட்டாள்.

ஹயாத் பாஷாவுக்குக் கடைவீதியில் புளி மண்டி. சனிக்கிழமைதோறும் டிரைவர் பழனியைக் கூட்டிக்கொண்டு குட்டியானை வண்டியில் கல்வராயன் மலைக்குப் போவார். புளி, தேன், கடுக்காய், சாமை என்று பருவத்துக்கு ஒன்றை ஏற்றிக்கொண்டு இருட்டுவதற்குள் திரும்பிவிடுவார். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அப்படித்தான். நல்ல மனிதர். அவள் விழுந்ததிலிருந்து டீ போடவும் ரசம் வைக்கவும் கற்றுக்கொண்டிருந்தார். ஆனால் பேச்சு கம்மி. 'சாப்பாடு ஆச்சா', 'சாவி எங்க', 'மாத்திரை போட்டியா'. வீட்டில் அவர் பேசுவதெல்லாம் இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும்.

"பொம்மைக் கதவத் தொறக்க நான் வரணுமா?" என்றார்.

"ஒரு தபா வந்துட்டுப் போங்க. சங்கிலிய இழுத்தா போதும்."

சப்ரின் வீடியோ காலில் சொல்லச் சொல்ல, தன் போனில் அதை ஏற்றிக்கொண்டு கட்டிலில் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தொப்பி வைத்த ஒரு குட்டைப் பொம்மை கமராபாத்தின் எல்லையில் வந்து நின்றது. அடுத்த நொடி அது விறுவிறுவென்று ஓடி அவளுடைய பூப்பாத்திக்குள் நுழைந்தது. இதழ்கள் சிதறின.

"ஏங்க! பூ மேல நடக்காதீங்க!"

"பொம்மைப் பூ தானே கமரு?"

அவளுக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. வந்த பிறகுதான் அது எதனால் என்று யோசித்தாள். பூ போனது மட்டும் காரணமில்லை. தனக்கு மட்டும் என்று இருந்த ஒரு இடத்தில் இவர் காலணி போட்டுக்கொண்டு நிற்கிறார் என்று இருந்தது. கூப்பிட்டவள் அவள்தான். ஆனாலும் சீக்கிரம் போய்விட்டால் தேவலை என்று நினைத்தாள்.

சங்கிலியை இழுத்தார்கள். கதவு திறந்தது. இரண்டு பொம்மைகளும் மலை ஏறின. கண்ணாடிப் பாறைகள், வெள்ளி மரங்கள், உச்சியில் ஊசி போன்ற சிகரங்கள், சிறகு வைத்த பரிகள். ஹயாத் பாஷா மூக்கால் சிரித்தார்.

"இது இன்னா மலை? மலைன்னா மேல ஏறி முடிச்சா கூரா இருக்காது. விரிஞ்சி கெடக்கும். கீழ இருக்கற மாதிரியே வயலு, மரவள்ளி, ஓடை. மேல போயிட்டோம்ங்கறதே மறந்துபூடும். காத்து மட்டும்தான் ஞாபகப்படுத்தும்."

கமர் ஜஹான் டேப்லெட்டிலிருந்து கண்ணை எடுத்து அவரைப் பார்த்தாள். அவர் தன் போனைப் பார்த்தபடியே பேசிக்கொண்டிருந்தார்.

"மழை வந்துட்டுப் போனா ஓடையெல்லாம் டீத் தண்ணி மாதிரி ஓடும். அம்மாசி வூட்டாண்ட ஒரு பலா மரம். அதுங்கீழ படுத்தா வெயில் காலத்துல கூட போர்வ கேக்கும்…"

"அம்மாசி யாரு?"

அவர் நிறுத்திக்கொண்டார். "சரக்கு எடுக்கற எடம்" என்றார். போனை அணைத்துச் சட்டைப் பையில் போட்டார்.

"என்னை ஏங்க ஒரு நாளும் கூட்டிக்கினு போவல?"

"நீ கேக்கலியே."

அவள் கேட்டிருந்தாள். கல்யாணமான புதிதில் ஒருமுறை. ரோடு சரியில்லை என்றார். அப்போது உண்மையிலேயே ரோடு சரியில்லை. அதற்கப்புறம் ரோடு போட்டார்கள், பஸ் விட்டார்கள், அவளும் கேட்பதை விட்டுவிட்டாள்.

கோஹ்காஃப் திறந்துவிட்டது. ஆனால் அங்கே பார்க்க அதிகம் இல்லை. பரிகள் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அந்த மலையில் நிற்கும்போதெல்லாம் இன்னொரு மலையில் டீத் தண்ணீர் போல ஓடும் ஓடைதான் அவள் நினைவுக்கு வந்தது.

ஆடி மாதம் பிறக்கும்போது கம்பில்லாமல் நடந்தாள். "இந்த சனிக்கெழமை நானும் வரேன்" என்றாள். வண்டியில் முன்னால் இடம் பத்தாது என்றார். அடுத்த வாரம், மழை வரும்போல இருக்கிறது என்றார். அதற்கடுத்த வாரம் அவள் எழுந்து பார்த்தபோது அவர் கிளம்பிப் போயிருந்தார். அடுப்பின் மேல் அவளுக்கு டீ போட்டு மூடி வைத்திருந்தது.

அந்த டீயைக் குடித்தாள். புடவை மாற்றி, புர்காவைப் போட்டுக்கொண்டு, வீட்டைப் பூட்டிவிட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனாள்.

கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணை தாண்டி, வெள்ளிமலை பஸ் வளைந்து வளைந்து ஏறியது. முன் சீட்டில் ஒருவர் ஒவ்வொரு திருப்பத்திலும் தலையை வெளியே நீட்டி வாந்தி எடுத்தார். கமர் ஜஹானுக்கு ஒன்றும் செய்யவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி வாய் திறந்து பார்த்துக்கொண்டு வந்தாள். மேலே ஏறியதும் அவர் சொன்னபடியே நிலம் விரிந்து கிடந்தது. மலை எங்கே போயிற்று என்று தேட வேண்டியிருந்தது.

வெள்ளிமலையில் இறங்கி ஒரு டீக்கடையில் விசாரித்தாள். "புளி பாயா? அம்மாசி வூட்லதான் இருப்பாரு" என்று சொல்லி, அந்தப் பக்கம் போகும் ஒரு ஜீப்பில் ஏற்றிவிட்டார்கள்.

ஓட்டு வீடு. வாசலில் பெரிய பலா மரம். அதன் கீழ் அவள் வயதே உள்ள ஒரு பெண் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு பலாப்பழம் அரிந்துகொண்டிருந்தாள். அம்மாசியின் மனைவி கொளஞ்சியம்மாள்.

"யாரும்மா வேணும்?"

"நான் புளி பாய் வூட்டுக்காரி."

கொளஞ்சியம்மாளின் கத்தி அப்படியே நின்றது. அவள் பார்வை கமர் ஜஹானின் முகத்திலிருந்து காலுக்கு இறங்கி மறுபடி முகத்துக்கு ஏறியது.

"பாயம்மாவா! எப்டிம்மா வந்தீங்க? உங்களுக்கு மலை ஏறினா மயக்கம் வந்துருமே. பாய் சொல்லுவாரே. உக்காருங்க, உக்காருங்க, மொதல்ல தண்ணி குடிங்க."

கமர் ஜஹான் உட்கார்ந்தாள். தண்ணீர் குடித்தாள். கொளஞ்சியம்மாள் ஒரு சுளையை எடுத்துக் கொட்டையை நீக்கி அவள் கையில் வைத்தாள்.

"கிளி எப்டிம்மா இருக்கு?"

"எந்தக் கிளி?"

"அதான், சலாம் சொல்ற கிளி. மாடித் தோட்டத்துல நீங்க நடந்தா தோள்ல வந்து உக்காருமாமே! எத்தினி வகை ரோசா, நடுவுல தண்ணி பீச்சற தொட்டி… பாய் சொல்லச் சொல்ல இந்த மரத்தடியில அத்தினி பேரும் வாயப் பொளந்துக்கினு கேப்போம். மாடிய வுட்டு கீழ எறங்கினா உங்களுக்கு ஒடம்புக்கு ஆவாதுன்னு, தெனம் சாயந்தரம் கடைய சாத்திட்டு வந்து உங்க பக்கத்துல உக்காந்து, அன்னிக்கு நடந்தது அத்தினியும் உங்ககிட்ட சொல்லுவாராமே. நான் எங்க வூட்டுக்காரருகிட்ட சொல்லுவேன், அந்தம்மா குடுத்து வச்சவங்கன்னு."

கமர் ஜஹானின் வீட்டு மாடியில் சின்டெக்ஸ் தொட்டி இருந்தது. கேபிள் வயர்கள் இருந்தன. துணி காயப்போடும் கொடி ஒன்று. ரோஜா இல்லை, கிளி இல்லை, பேசும் புருஷனும் இல்லை.

எழுந்து போய்விடலாமா என்று நினைத்தாள். இத்தனை வருஷமாக இந்த ஊரில் அவள் ஒரு நோயாளியாக வாழ்ந்திருக்கிறாள், அது அவளுக்கே தெரியாது. கமராபாத்தின் கோட்டை உச்சியில் கீழே இறங்காமல் உட்கார்ந்திருக்கும் அந்த இளவரசியை அவளுக்கு நன்றாகத் தெரியும். தினமும் அவளிடம் போய்ப் பேசிவிட்டு வந்தவள்தான்.

கொளஞ்சியம்மாள் பதிலுக்குக் காத்திருந்தாள். அவள் முகத்தில் கேலி இல்லை. உண்மையாகவே கிளியைப் பற்றிக் கவலைப்பட்டவள் மாதிரி இருந்தாள்.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள் கமர் ஜஹான். "இப்போ கொஞ்சம் வயசாயிடுச்சி. முன்ன மாதிரி பேசறதில்ல."

ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே விளங்கவில்லை.

அப்போது மேட்டுப் பாதையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. கைலியை மடித்துக் கட்டி, தோளில் துண்டு போட்டு, கையை ஆட்டி ஆட்டி ஏதோ கதை சொல்லிக்கொண்டு ஒருவர் வந்தார். கூட வந்த அம்மாசி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கைலிக்காரர் நின்று, யாரோ ஒருவர் நொண்டி நடப்பதைப் போல நடந்து காட்டினார். அது தன் புருஷன்தான் என்று நம்புவதற்கு கமர் ஜஹானுக்குச் சற்று நேரம் பிடித்தது. நல்ல அழகான மனிதராக இருந்தார்.

பிறகு அவர் அவளைப் பார்த்தார். முகம் அப்படியே வற்றிப்போயிற்று. மடித்த கைலியை அவிழ்த்து இறக்கினார்.

"பாய், யாரு வந்துருக்காங்க பாருங்க!" என்றார் அம்மாசி.

"கிளியப் பத்திப் பேசிக்கினு இருந்தோம்" என்றாள் கமர் ஜஹான்.

எல்லோரும் களி சாப்பிட்டார்கள். பலாப்பழம் சாப்பிட்டார்கள். அவர் தன் பங்குச் சுளைகளை அம்மாசியின் பக்கம் நகர்த்திவிட்டார்.

திரும்பும்போது முன் சீட்டில் மூன்று பேருக்கும் இடம் இருந்தது. அணைக்குக் கீழே பழனி வண்டியை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போனார். இருவரும் கரைச் சுவர் ஓரமாக நின்றார்கள். தண்ணீர் கலங்கலாக இருந்தது.

"எதுக்குங்க?" என்றாள்.

அவர் கரைச் சுவரில் கையை ஊன்றினார். "ஆரம்பத்துல அம்மாசி கேட்டாரு, வூட்டம்மாவ ஒரு தபா கூட்டிக்கினு வாங்கன்னு. அப்போ கடையில அண்ணனுங்க, வூட்ல அம்மா, தம்பி, தங்கச்சி… எனக்குன்னு இருந்தது சனிக்கெழமை மட்டும்தான். அத்த எப்டி வாயால சொல்றது? மலை ஒத்துக்காதுன்னு சொல்லிட்டேன். அடுத்த வாரம், இன்னா வைத்தியம் பாக்கறீங்கன்னு கேட்டாங்க. அதுக்கு ஒண்ணு சொன்னேன். அப்புறம் கிளி வந்துச்சி."

"கிளி வந்துச்சா!"

"தானா வந்துச்சி கமரு. அவங்க கேக்கக் கேக்க எனக்கு வார்த்தை வந்துக்கினே இருந்துச்சி. நல்லா இருந்துச்சி."

"என்னை நோயாளியாக்கிட்டீங்க, அது போவட்டும்" என்றாள். "அந்த மாடில இருக்கறவகிட்ட தெனம் உக்காந்து கதை சொல்றீங்களாமே. என்கிட்ட சாவி எங்கன்னு மட்டும்தானே கேக்கறீங்க?"

அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். "அங்க பேச வருது. வூட்ல வரல" என்றார். "ஏன்னு தெரியல."

அவளுக்குக் கோபம் ஆறவில்லை. ஆனால் அந்தக் கோபத்துக்கு உள்ளே, சிதறிய இதழ்களைப் பார்த்து இவர் போய்விட்டால் தேவலை என்று தான் நினைத்ததும் இருந்தது. நல்லவர்தான், டீ போட்டுக் கொடுக்கிறவர்தான், ஆனாலும் இங்கே வேண்டாம் என்று நினைத்தாளே. அவளுடைய இடத்துக்கு ஒரு டேப்லெட் போதும். அவருக்கு ஒரு மலை வேண்டியிருந்திருக்கிறது.

"மலை உங்களோடது இல்லீங்க" என்றாள். "மரத்தடி வேணும்னா உங்களோடது. சனிக்கெழமை அங்க நான் வந்து உக்கார மாட்டேன். ஆனா கொளஞ்சியம்மா வூட்டுக்கு நான் போவேன். பஸ்ல போய்க்கிறேன். நீங்க கூட்டிக்கினு போவ வேணாம்."

"கிளி?"

"நீங்க தானே கொண்டாந்தீங்க. நீங்களே பறக்க வுடுங்க."

பழனி திரும்பி வந்தார். மூவரும் வண்டியில் ஏறினார்கள்.

வீட்டில் சில நாள் அந்த மூன்று பேச்சுகூட இல்லாமல் போயிற்று. ஒரு மத்தியானம் அவர் கடையிலிருந்து வந்து கை கழுவிவிட்டு, கட்டிலில் டேப்லெட்டோடு உட்கார்ந்திருந்தவளிடம், "உன் ஊருக்கு நான் வரலாமா?" என்று கேட்டார். "பூ மேல நடக்க மாட்டேன்."

அவள் யோசித்தாள். "இன்னிக்கு வேணாம்" என்றாள். அவர் தலையாட்டிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். அவர் கேட்டது அவளுக்குப் பிடித்திருந்தது. தான் மறுக்க முடிந்ததும் பிடித்திருந்தது. சில நாள் கழித்து அவளே கூப்பிட்டாள். தொப்பிப் பொம்மை பாத்தியைச் சுற்றிக்கொண்டு நடந்து போய் குகை வாசலில் ரொட்டி வாங்கியது.

அந்த வாரம் மலையிலிருந்து வந்தவர் செருப்பைக் கழற்றும்போதே சொன்னார். "அம்மாசிகிட்ட சொல்லிட்டேன்."

"இன்னா சொன்னாரு?"

"சிரிச்சாரு. எங்களுக்கு எப்பவோ தெரியும் பாய்னாரு. கிளிய ஒரு தபா பச்சைன்னேனாம், ஒரு தபா வெள்ளைன்னேனாம். தெரிஞ்சேதான் இத்தினி வருசமா கேட்டுக்கினு இருந்துருக்காங்க. இப்போ நிறுத்திட்டா சனிக்கெழமை இன்னா செய்யறதுன்னு வருத்தப்படறாரு." அவர் தரையைப் பார்த்தார். "ஒடம்பு சரியில்லன்னு சொன்னது மட்டும்தான் கொளஞ்சியம்மா உண்மைன்னு நெனச்சிதாம். அது உன்கிட்ட பேசணும்னுச்சி."

கமர் ஜஹான் அடுத்த புதன்கிழமை பஸ் ஏறினாள். அதன்பின் புதன்கிழமைகளில், முடிந்தபோதெல்லாம். கொளஞ்சியம்மாளோடு சந்தைக்குப் போனாள். ஓடையில் கால் நனைத்தாள். மழை விட்ட மறுநாள் அதன் நிறம் டீயாகத்தான் இருந்தது. எதைப் பற்றிப் பேசினார்கள் என்று கேட்டால் சொல்ல ஒன்றுமில்லை. மகள்களைப் பற்றி, கால் வலியைப் பற்றி. புரட்டாசியில் கொளஞ்சியம்மாள் ஆஸ்பத்திரிக்கு வந்தவள் இவள் வீட்டில் இரண்டு நாள் தங்கினாள். மாடிக்கு ஏறிப் போய் சின்டெக்ஸ் தொட்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "தோட்டம் வைக்க எடம் இல்லாம இல்லம்மா" என்றாள். மறுமுறை வரும்போது ஒரு சாக்கில் மண்ணும் நாற்றும் கொண்டுவந்தாள். மிளகாய், தக்காளி. ரோஜா கள்ளக்குறிச்சி வெயிலுக்கு நிற்காது என்று சொல்லிவிட்டாள்.

ஹயாத் பாஷா ஒரே நாளில் மாறிவிடவில்லை. 'சாவி எங்க' இருக்கத்தான் செய்தது. ஆனால் ஒரு சனிக்கிழமை மாலை, அவள் தோசை வார்த்துக்கொண்டிருக்கையில், சமையலறை வாசலில் வந்து நின்றார். தொண்டையைச் செருமினார்.

"இன்னிக்கு வெள்ளிமலைச் சந்தைக்கு ஒரு கரடி வந்துச்சி."

அவள் திரும்பவில்லை. தோசையைத் திருப்பிப் போட்டாள்.

"யாரையும் ஒண்ணும் பண்ணல. நேரா தேன் விக்கறவங்ககிட்ட போச்சி. கொஞ்சம் நொண்டிக்கினே போச்சி."

"எந்தக் கால்ல?" என்று கேட்டாள்.

அவர் ஒரு நிமிஷம் யோசித்தார். "எடது கால்" என்றார். பிறகு அங்கேயே ஒரு பலகையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவள் அடுத்த தோசைக்கு மாவை ஊற்றினாள்.